தாம்பரத்துக் கணிப்பொறியும் முடிச்சூர் வீடும்

தமிழ்த்துறைக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இன்று அருகிவிட்டனர். ஆயினும், ஒரு கணிப்பொறியைப் பலர், வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஒரே நேரத்தில், தத்தம் வீட்டிலிருந்தபடியே இயக்கலாம். அதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டா, நாளும் செய்தி பார்க்கப் பயன்படும் உலாவியே போதும் என்று நாம் சொல்லும்பொழுது மாணவர்களும் சற்று ஐயத்தோடுதான் நோக்குகின்றனர். பெரியோர்களோ வேறொரு வினாவை எழுப்புகின்றனர். அவ்வினா நம் துறைப் பணியொன்றின் போக்கையே மாற்றியது. அதனை அதற்குரிய இடத்தில் கூறுவோம்.

கணிப்பொறி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது திரை. உண்மையில் திரை வேறு, கணிப்பொறி வேறு. நிரல்கள் இயங்குவதும், கோப்புகள் தங்குவதும், கணக்குகள் நிகழ்வதும் பெட்டிக்குள். அவற்றின் விளைவு ஓர் ஓவியமாகத் திரையில் விழுகிறது. அந்த ஓவியத்தை மட்டும் கம்பிவழியே வேறோர் இடத்திற்கு அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் அழுத்தப்படும் விசைகளையும் சுட்டியின் அசைவுகளையும் மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டால், பெட்டி இங்கும் திரை அங்குமாக இருந்து வேலை நடக்கும். யூனிக்ஸ் மரபில் வந்த அமைப்புகளுக்கு இது புதிதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1984ஆம் ஆண்டு உருவான எக்ஸ் சாளர முறை, நிரல் ஓரிடத்திலும் திரை வேறிடத்திலும் இருக்கலாம் என்ற எண்ணத்தின்மீதே எழுப்பப்பட்டது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில், 1991இல் வெளியிட்ட லினக்ஸ் அம்மரபையே தழுவிக்கொண்டது. ஒரே பொறியில் பலருக்குத் தனித்தனி அறை ஒதுக்குவது அதற்கு இயல்பான குணம். விலையுமில்லை, தலைக்கொன்றாக உரிமக் கட்டணமுமில்லை. நம்மைப் போன்ற துறைகளுக்கு இந்த இரண்டாவது செய்தியே முதற்செய்தி.

நாம் பயன்படுத்தும் முறைக்கு வி.என்.சி. என்று பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஒலிவெட்டி–ஆரக்கிள் ஆய்வுக்கூடம் 1998இல் இதனை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டது. இதனை உருவாக்கியோருள் ஒருவர் குவெண்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர். இவரும் நண்பர்களுமே, 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறிக் கூடத்தில் காப்பிப் பாத்திரம் நிறைந்திருக்கிறதா காலியாக இருக்கிறதா என்று தம் அறையிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு கேமராவைப் பொருத்தியவர்கள். காப்பிக்காக எழுந்து சென்று ஏமாந்து திரும்பும் துன்பத்தைத் தீர்க்கப் பிறந்த அறிவு பின்னர் உலகுக்குப் பயன்பட்டது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் உறங்குவதில்லை.

அம்முறையின் சிறப்பு அதன் எளிமை. இந்தச் சதுரத்தில் இந்த நிறங்களை இடுக என்பதே அங்கிருந்து வரும் செய்தியின் சாரம். திரை முழுவதும் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. மாறிய பகுதி மட்டும் வருகிறது. ஓர் எழுத்தைத் தட்டினால் அவ்வெழுத்து விழுந்த சிறு கட்டமே பயணம் செய்கிறது. மற்றொன்று, பார்ப்பவரின் பக்கம் எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. உலாவியை மூடிவிட்டு மறுநாள் வேறோர் ஊரில், வேறொரு கருவியில் திறந்தாலும், பாதிச் சொல்லில் விட்ட இடத்தில் சுட்டி அப்படியே நிற்கும்.

தொடக்கத்திலேயே உலாவிவழி பார்க்கும் வசதியும் இருந்தது. ஆனால் அது ஜாவா ஆப்லெட் என்ற துணைநிரலை நம்பியிருந்தது. அத்துணைநிரல்களை 2015 முதல் 2017க்குள் முன்னணி உலாவிகள் கைவிட்டன. நல்வாய்ப்பாக, அதற்கு முன்பே 2010இல் ஜோயல் மார்ட்டின் என்பவர் நோ-வி.என்.சி. என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார். உலாவிக்குள் இயல்பாகவே உள்ள திறன்களைக் கொண்டே தொலைத்திரையை வரையும் நிரல் அது. உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே தொடர்பு அறாமல் இருக்க உதவும் வெப்சாக்கெட் என்னும் நெறிமுறை 2011இல் முறையாக வரையறுக்கப்பட்டது. அப்பாச்சி குவாக்கமோலி என்ற மற்றொரு திட்டமும் இதே பணியைச் செய்கிறது. இவை எவற்றிற்கும் விலையில்லை.

நம் தென்சென்னைப் புறநகருக்கு இத்துறையில் உறவு உண்டு என்பதை மாணவச் செல்வங்கள் அறிதல் நன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.–கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கின. சி-டாக் வழங்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு அளித்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்கு அருகில் இடம்பெற்றது. அதனைத் திறந்தே பார்க்காத மாணவர்கள் பலர், அது தனிக்கதை. அதே குரோம்பேட்டையில் 1950களில் விமானப் பொறியியல் பயின்ற டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபொழுது 2003 மே மாதம் புனேயில் ஆற்றிய உரையில், இந்தியா போன்றதொரு நாடு கட்டற்ற மென்பொருளைப் பெருமளவில் ஏற்கவேண்டும் என்று வலியுறுத்தினார்.

இனி நம் துறையின் செய்திக்கு வருவோம். உமறுப் புலவர் அருளிய சீறாப்புராணத்திற்குச் சொல்லடைவு ஒன்று அமைக்கும் பணியை முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுப் பணியாக நாம் மேற்கொண்டோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். மாணவர்க்குப் படலங்களைப் பகிர்ந்தளித்தோம். துறை நூலகத்திலிருந்த பழைய பதிப்பின் பக்கங்களைப் படமெடுத்து, டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரலைக் கொண்டு எழுத்தாக்கி, பிழைதிருத்தி, சொற்பிரித்து, அகரவரிசைப்படுத்த வேண்டும்.

எழுதுவதற்கு எளிது. செய்யும்பொழுதே அருமை தெரிந்தது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் ணை, லை, ளை, னை முதலியன துதிக்கை தூக்கிய பழைய வடிவில் நிற்கின்றன. ணா, றா, னா என்பனவும் அவ்வாறே. எழுத்துணரி அவற்றின்முன் தடுமாறுகிறது. அரபுச் சொற்களுக்காக வரும் கிரந்த எழுத்துகளைக் கண்டால் இன்னும் மிகுதியாகத் தடுமாறுகிறது. இவற்றைத் திருத்தியபின்னும், விருத்தம் சீர் சீராகப் பிரிந்து நிற்குமேயன்றிச் சொல் சொல்லாகப் பிரிந்து நில்லாது. புணர்ச்சியைப் பிரித்துச் சொல்லைக் காண்பது பொறியால் ஆகாத காரியம். அதற்குத் தமிழ் படித்த ஒரு மனிதர் அமர வேண்டும். ஒரு விருத்தத்திற்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாணவர் எத்தனை மாலைகள் அமர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம் கணிப்பொறிக்கூடமோ மாலை 4 மணிக்குப் பூட்டப்படும்.

பணியேற்றவர்களுள் முடிச்சூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் இருந்தார். அவர் தந்தையார் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். தாயார் தையல் வேலைக்குச் செல்பவர். பிற்பகலில் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டிய நிலை. ஒருநாள் துறைக்கு வந்து, "ஐயா, அத்தாவைப் பார்த்துக்க ஆளில்லை. நான் படிப்பை நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றார். பாடங்களில் அவருக்குக் குறையில்லை. ஆய்வேட்டுக்கான நேரந்தான் இல்லை. வீட்டில் அண்ணனின் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. எழுத்துணரி நிரலை இயக்கும் வலிமை அதற்கில்லை. உலாவி மட்டும் திறந்தது.

கணிப்பொறிப் பயன்பாட்டுத் துறை நண்பர் ஒருவர் கைகொடுத்தார். நம் துறையின் மாடியறையில் கிடந்த பழைய பெட்டியொன்றில் டெபியன் லினக்ஸை நிறுவி, 8 ஜி.பி. நினைவகத்தைப் பொருத்தி, ஐந்து மாணவர்க்கு ஐந்து தனித் திரைகளை அமைத்தார். சுவர்ப்படம், அசைவுகள், அலங்காரங்கள் யாவற்றையும் நீக்கினார். மாறுகின்ற சதுரங்கள் குறைந்தால் மாணவர் செலவிடும் டேட்டாவும் குறையும் அல்லவா? வி.என்.சி.யின் வழக்கமான 5900ஆம் எண் வாயிலை வெளியுலகிற்கு அடைத்துவிட்டார். அதன் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கணக்கிலெடுக்கும் என்பதால், அதனைத் தெருவில் தனியே விடலாகாது என்பது அவர் கருத்து. எனவே பூட்டுக்குறி இட்ட பாதுகாப்பான இணையவழியாக வந்து, வாயிலில் ஒரு கடவுச்சொல் கூறி, பின்னரே தம் திரையை அடையுமாறு ஏற்பாடு.

இத்துணையும் முடிந்து நிர்வாகத்தாரின் இசைவுக்கு விண்ணப்பித்தபொழுதுதான், நாம் முன்னர்க் குறிப்பிட்ட வினா எழுந்தது. ஆட்சிக்குழுவில் உள்ள மூத்த ஹாஜியார் ஒருவர் துறைக்கே வந்தார். திரையைச் சற்று நேரம் உற்று நோக்கினார். "தம்பி, பிள்ளை வீட்டில உக்காந்து இதைத் திறந்தா, இங்கேயிருந்து அவங்க வீட்டைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

அவர் அச்சம் வீணானதன்று. பெருந்தொற்றுக் காலத்து வகுப்புகளில் கேமராவைத் திறக்கச் சொன்னபொழுது எத்தனை வீடுகள் கூசின என்பதை நாம் அறிவோம். ஒற்றை அறை வீட்டில் பின்னால் படுத்திருக்கும் நோயாளியும், கொடியில் தொங்கும் துணிகளும் வகுப்பு முழுவதற்கும் காட்சியாவதை எந்தப் பெண் விரும்புவாள்? அதனால் பலர் பெயரளவில் வகுப்பிலிருந்தனர். இந்த முறையிலோ திசை வேறு. கல்லூரிக் கணிப்பொறியின் திரைதான் முடிச்சூர் வீட்டிற்குச் செல்கிறது. முடிச்சூர் வீடு கல்லூரிக்கு வருவதில்லை. அங்கிருந்து வருபவை விசையழுத்தமும் சுட்டியசைவும் மட்டுமே. முகமில்லை, குரலில்லை, அறையில்லை. இதனை நாம் விளக்கிய பின்னர் அவர் அமைதியாகத் தலையசைத்தார், ஆனால் விடவில்லை. "அது சரி. பிள்ளை எழுதுறதை நீங்க அதுக்குத் தெரியாம பார்க்க முடியுமா?" என்றார்.

முடியும் என்பதே விடை. வி.என்.சி. திரையை ஒரே வேளையில் இருவர் திறக்கலாம். ஒருவர் தட்டுவதை மற்றவர் காணலாம். இருவர் கையும் ஒரே சுட்டியை நகர்த்தலாம். ஆசிரியர்க்கு இது பெரிய வரம். ஆயினும் மாணவி அறியாதபடி ஆசிரியர் பின்னால் நின்று பார்ப்பதற்கு ஒப்பானதும் இதுவே. ஹாஜியார் சொன்னார்: "வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஸலாம் சொல்லி அனுமதி கேட்கிறோம்ல? அது மாதிரி வைங்க."

நம் கணிப்பொறித்துறை நண்பர் மகிழ்ந்தார். அம்மென்பொருளில் அதற்கு வழி முன்பே இருந்தது. ஒவ்வொரு திரைக்கும் இரண்டு கடவுச்சொற்கள் அமைக்கலாம். ஒன்று இயக்குவதற்கு, மற்றொன்று பார்ப்பதற்கு மட்டும். இரண்டையும் மாணவரே அமைத்துக்கொள்வது, ஆசிரியரிடம் எதுவும் முன்கூட்டியே இராது, உதவி வேண்டும்பொழுது மாணவரே பார்க்கும் சொல்லைத் தருவது, முடிந்தபின் மாற்றிக்கொள்வது என்று விதி செய்தோம். பொறியைப் பராமரிப்பவர் நினைத்தால் எந்தத் திரையையும் காண இயலும் என்பதையும் பெற்றோரிடம் மறைக்கவில்லை. அப்பொறுப்பிலிருப்பவர் யார் என்பதையும் எழுத்தில் கொடுத்தோம். நிர்வாகம் இசைந்தது. மாணவியின் தாயார் வந்து கையெழுத்திட்டார்.

அடுத்து வந்த தடை தமிழுக்கே உரியது. முடிச்சூர் மடிக்கணினியில் தமிழில் தட்டிய சொற்கள் சில மாடியறைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. சக மாணவர்கள் கைப்பேசியில் எழுதியவையோ இன்னும் மோசம். ஒரு சொல்லை இங்கே வெட்டி அங்கே ஒட்டினால் எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. காரணம் ஆராய்ந்தோம். 1998இல் வகுத்த நெறிமுறையில், வெட்டி ஒட்டும் எழுத்துகள் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான இலத்தீன் எழுத்துத் தொகுதியில் இருக்கும் என்றே எழுதிவைத்தனர். கேம்பிரிட்ஜில் அன்று தமிழைப் பற்றி யாரும் எண்ணியிருக்கவில்லை, குறை கூறுவதற்கில்லை. பின்னர் யூனிக்கோடு எழுத்துகளுக்கும் இடந்தரும் விரிவு சேர்க்கப்பட்டது. பார்க்கும் நிரல், வழங்கும் நிரல் இரண்டும் அதனை அறிந்திருந்தால் மட்டுமே தமிழ் தப்பும்.

தட்டுவதற்கு எளிய வழியொன்று உண்டு. தமிழை வீட்டில் உருவாக்கி அனுப்பாமல், வீட்டிலிருந்து வெறும் ஆங்கில விசைகளை அனுப்பி, தமிழாக்கும் வேலையை மாடியறைப் பொறியிடமே விட்டுவிடுவது. அதற்கு லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு உள்ளது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய இவ்வமைப்பை, இலக்கணம் கற்ற ஒருவர் பயன்படுத்தினால் அவருக்குத் தனியின்பம் உண்டு. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். ஒரே வல்லினத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மேல் புள்ளி தானே விழுகிறது. மெல்லினத்தைத் தொடர்ந்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்பன புள்ளியைத் தேடாமலே அமைகின்றன. இனவெழுத்து என்று முதலாண்டு வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதை விரல்கள் செய்கின்றன. ஒலிபெயர்ப்பு முறையில் பழகிய அம்மாணவி முதல் வாரம் முணுமுணுத்தார். மூன்றாம் வாரம் நம்மைவிட விரைவாகத் தட்டினார்.

இரவு 8 மணியளவில், தந்தையார் உறங்கியபின், அவர் திரையைத் திறப்பார். ஐயம் எழுந்தால் பார்க்கும் சொல் கைப்பேசியில் நமக்கு வரும். நாம் சேலையூரில் நம் வீட்டு மேசையிலிருந்து அதே பக்கத்தைக் காண்போம். ஒரு விருத்தத்தின் மூன்றாமடியில் புணர்ந்து நின்ற சொல்லை எங்கே பிரிப்பது என்று தொலைபேசியில் பேசிக்கொண்டே, அவர் சுட்டி அங்குமிங்கும் நகர்வதைப் பார்த்திருந்த இரவுகள் பல. "ஐயா, இங்கே நீங்க சொன்னபடி பிரிச்சா எதுகை நின்னாலும் பொருள் நிக்கலை" என்று அவர் சொல்லி, அதுவே சரியாயிருந்த இரவும் உண்டு. தட்டச்சுப் பணிக்கு டேட்டா மிகச் சிறிதே செலவாயிற்று. படமெடுத்த பக்கங்களை மேலும் கீழும் உருட்டும்பொழுதுதான் அது கரைந்தது. எனவே படத்தை ஒருமுறை நிறுத்தி, பக்கத்தில் எழுத்தை வைத்துத் திருத்தும் பழக்கத்தை மாணவர்களே கண்டுபிடித்தனர்.

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயலின் மழை கொட்டியது. முடிச்சூர் மக்களுக்கு டிசம்பர் என்றாலே 2015தான். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. இம்முறையும் அடையாற்றின் நீர் தெருக்களில் ஏறிற்று. மாணவியின் வீட்டில் முழங்காலளவு நின்றது. தந்தையாரைத் தூக்கிக்கொண்டு பெருங்களத்தூரில் மாமி வீட்டிற்குச் சென்றுவிட்டனர். மடிக்கணினியை எடுக்கத் தோன்றவில்லை. கீழ்த்தட்டிலிருந்த அது நீரில் ஊறிப் பயனற்றுப் போயிற்று.

கல்லூரியிலும் மின்சாரம் இல்லை. மாடியறைப் பெட்டி யு.பி.எஸ். தாங்கிய மட்டும் ஓடிப் பின் அடங்கியது. மின்சாரம் மீண்டு, பெட்டியைத் திறந்தபொழுது, விட்ட இடத்தில் நின்றிருந்த திரைகள் அழிந்திருந்தன, அது எதிர்பார்த்ததே. ஆனால் சேமித்த கோப்புகள் ஒன்றும் குறையவில்லை. அன்று மாலை மாமி மகனின் மடிக்கணினியில் உலாவியைத் திறந்து, கடவுச்சொல்லை இட்டு, மூன்று மாத உழைப்பு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் நம்மை அழைத்தார். முதலில் பேச்சு வரவில்லை. பிறகு, "ஐயா, நேத்து விட்ட படலத்திலேயே ஆரம்பிக்கட்டுமா?" என்றார். நான்கு நாள் கடந்திருந்ததை அவர் உணரவில்லை போலும்.

ஒரே பெட்டியை நம்பும் முறைக்கு உள்ள ஆபத்தும் அந்நான்கு நாளில் விளங்கியது. நீர் மாடியேறியிருந்தாலோ, வட்டு பழுதாகியிருந்தாலோ ஐந்து மாணவரின் உழைப்பும் ஒருங்கே போயிருக்கும். அதன்பின் நாள்தோறும் நள்ளிரவில் கோப்புகளின் படி ஒன்று வெளியூரிலுள்ள வாடகைக் கணிப்பொறிக்குச் செல்லுமாறு நண்பர் அமைத்தார். அதற்கான சிறு மாதக் கட்டணத்தை ஹாஜியார் ஏற்றுக்கொண்டார். தம் பெயரை எங்கும் குறிக்கலாகாது என்ற நிபந்தனையோடு.

மாணவி 2024இல் முதுகலை முடித்தார். அவர் திருத்திய படலங்களின் சொல்லடைவு துறை நூலகத்தில் உள்ளது; விரும்புவோர் காணலாம். எஞ்சிய படலங்களை அடுத்த அணியினர் தொடர்கின்றனர். அவர்களுள் வண்டலூர், மண்ணிவாக்கம், கூடுவாஞ்சேரிப் பகுதிகளிலிருந்து வருவோர் மிகுதி. மாணவிகள் மட்டுமல்லர், மாலையில் உணவுப்பொட்டலம் கொண்டுசேர்க்கும் வேலை பார்த்து, இரவு 11 மணிக்குமேல் திரையைத் திறக்கும் மாணவர் ஒருவரும் உளர். இவர் பொருட்டு ஒரு சிக்கல் எழுந்துள்ளது. காவலர் இரவு 10 மணிக்கு மாடியின் முதன்மை மின்விசையை அணைப்பது நெடுநாள் வழக்கம். மாடியறைக்குத் தனிக் கம்பி இழுக்க மின்பணியாளர் மதிப்பீடு தந்துள்ளார். அது வரும் துறைக்கூட்டத்தின் பொருளடக்கத்தில் மூன்றாவதாக உள்ளது.